இதயத்துக்கு ஒரு கைத்தாங்கல்



உங்கள் கையை மூடிக் கொள்ளுங்கள். மூடிய கையைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுதான் உங்கள் இதயம். அது நெஞ்சுக்கு நடுவில், சற்று இடப்பக்கமாகச் சாய்ந்து இருக்கிறது. நாம் தூங்கும்போதும் அது தூங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று அதற்கு விடுமுறையும் இல்லை.

இந்த இதயம் மிகவும் தளர்ந்து போனால், சில நாட்களுக்கு அதன் வேலையைத் தாங்கிப் பிடிக்கச் சில பம்புகள் வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம்.

இதை நாம் ஏன் படிக்க வேண்டும்? ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் நம்மிடம், "பம்பு வைக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லலாம். யோசிக்க நேரம் குறைவாக இருக்கும். அப்போது கையெழுத்துப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. எதற்குப் போடுகிறோம் என்றும் தெரிய வேண்டும்.

இதயம் என்னும் பம்பு

கிணற்று நீரை மோட்டார் மேலே ஏற்றுகிறது. தொட்டியிலிருந்து குழாய் வழியாக எல்லா இடத்துக்கும் நீர் போகிறது. இதயமும் அப்படிப்பட்ட ஒரு பம்புதான். இரத்தம்தான் அது இறைக்கும் நீர். இரத்தக் குழாய்கள்தான் அதன் குழாய்கள்.

இதயத்தில் நான்கு அறைகள் உண்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு. உடலெங்கும் சுற்றி வந்த இரத்தம் வலப்பக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குப் போய்ப் பிராணவாயுவை ஏற்றிக் கொள்கிறது. பிறகு இடப்பக்கம் வருகிறது. இடது கீழறை அதை உடல் முழுவதும் தள்ளுகிறது. நான்கு அறைகளில் அதிகப் பலம் உள்ளது இதுதான். இங்கிருந்து புறப்படும் பெரிய குழாய்க்கு மகாதமனி என்று பெயர்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்தில் சுமார் 72 முறை துடிக்கிறது. ஒரு நிமிடத்தில் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. பாரம் தூக்கினால், மாடி ஏறினால் இன்னும் அதிகம் தள்ளும்.

பம்பு தளர்ந்தால்

சாலைக் கம்போளத்தில் மூட்டை சுமக்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். முன்பு ஒரே மூச்சில் வண்டிக்கு மூட்டை ஏற்றுவார். இப்போது பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. இரவில் மல்லாந்து படுக்க முடியவில்லை. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து கொள்கிறார். "வயசாயிட்டு, அவ்வளவுதான்" என்கிறார் அவர்.

அது வயது மட்டும் அல்ல. இதயம் தளர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். இதற்கு இதயச் செயலிழப்பு என்று பெயர். இதயம் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. இதயம் துடிக்கிறது. ஆனால் உடலுக்குத் தேவையான இரத்தத்தைத் தள்ள முடியவில்லை. அதனால் நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்துக் கொள்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையும் உப்பைக் குறைப்பதும் உதவும். சிலருக்கு மட்டும் நிலைமை கைமீறிப் போகும். பெரிய மாரடைப்பு வந்தால் சில மணி நேரத்திலேயே அப்படி ஆகலாம். இரத்த அழுத்தம் விழும். கை கால் சில்லிட்டுப் போகும். சிறுநீர் குறையும். மருந்து கொடுத்தும் அழுத்தம் ஏறாது. அந்த நேரத்தில்தான் டாக்டர்கள் பம்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கைத்தாங்கல் எதற்கு?

கால் முறிந்தவரை இருபக்கமும் பிடித்து நடத்திப் போகிறோம். அதைக் கைத்தாங்கல் என்கிறோம். கைத்தாங்கல் எலும்பை ஒட்ட வைக்காது. எலும்பு கூடும் வரை ஆளைத் தாங்கும். இந்தப் பம்பும் அப்படித்தான். அது நோயைக் குணமாக்காது. நேரம் வாங்கித் தரும்.

அந்த நேரத்தில் மூன்றில் ஒன்று நடக்க வேண்டும்.

1. ஓய்வு கிடைத்த இதயம் தானே தேறி வர வேண்டும்.
2. அடைப்பு நீக்குதல் அல்லது அறுவைச் சிகிச்சை செய்து முடிக்க வேண்டும்.
3. மாற்று இதயமோ நீண்ட காலப் பம்போ கிடைக்க வேண்டும்.

1966 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி என்ற டாக்டர் இதை முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர். அறுவைக்குப் பின் தளர்ந்து போன ஒரு பெண்ணின் இதயத்துக்குப் பத்து நாள் பம்பால் துணை கொடுத்தார். இதயம் தேறியது. பம்பைக் கழற்றினார்கள். அந்தப் பெண் பிழைத்து வீட்டுக்குப் போனார்.

பலூன் பம்பு

இது 1967 முதல் மனிதர்களுக்குப் பயன்படுகிறது. இதை முதலில் நோயாளிக்கு வைத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் என்ற டாக்டர்.

தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக ஒரு மெல்லிய குழாயை மகாதமனிக்குள் ஏற்றுகிறார்கள். அதன் நுனியில் நீளமான பலூன் இருக்கும். வெளியில் உள்ள இயந்திரம் அதில் ஹீலியம் வாயுவை நிரப்பும், எடுக்கும். ஹீலியம் மிக இலேசானது. அதனால் வேகமாகப் போய் வரும்.

இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் பலூன் விரியும். அப்போது இதயத் தசைக்குச் செல்லும் குழாய்களில் இரத்தம் நன்றாக ஏறும். இதயம் சுருங்கும் நேரத்துக்குச் சற்று முன் பலூன் சுருங்கும். அப்போது இதயம் தள்ள வேண்டிய பாரம் குறையும். எதிரே வருபவர் ஒதுங்கி வழிவிட்டால் மூட்டை சுமப்பவருக்கு எளிதாக இருக்கும் அல்லவா? அதுபோலத்தான்.

நீர் இறைக்கும் திருகு

நம் ஊரில் ஏற்றம் இறைத்தார்கள். கமலை கட்டி மாடு ஓட்டினார்கள். எகிப்து நாட்டில் வேறு ஒரு முறை உண்டு. சாய்ந்த குழாய்க்குள் ஒரு பெரிய திருகு இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் திருகு சுழலும். ஆற்று நீர் படிப்படியாக மேலே ஏறி வயலில் விழும். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸின் பெயரால் இதை அழைக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய கருவி இது.

1970களில் எகிப்துக்குப் போன ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க டாக்டர், கிராமத்தில் மக்கள் இப்படி நீர் இறைப்பதைக் கண்டார். நீரை ஏற்றும் திருகு இரத்தத்தை ஏற்றாதா என்று யோசித்தார். இரத்தக் குழாய்க்குள் போகக்கூடிய மிகச் சிறிய திருகு பம்பு ஒன்றை உருவாக்கினார். அது நிமிடத்துக்குச் சுமார் 25,000 முறை சுழன்றது. 1988 இல் அதை முதன்முறையாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள்.

இப்போது அந்த வழியில் வந்த இம்பெல்லா என்ற பம்பு பயன்படுகிறது. இது பென்சிலைவிட மெல்லியது. இதையும் தொடை வழியாக ஏற்றலாம். நுனி இடது கீழறைக்குள் இருக்கும். அங்கே இரத்தத்தை உறிஞ்சி மகாதமனியில் விடும். சில வகைகள் நிமிடத்துக்கு 3 லிட்டருக்கு மேல் தள்ளும். பலூன் இதயத்தின் பாரத்தைக் குறைக்கிறது. இந்தப் பம்போ பாரத்தில் பெரும் பங்கைத் தானே சுமக்கிறது.

ஓர் உழவர் நீர் இறைத்ததைப் பார்த்துப் பிறந்தது இந்தக் கருவி. உழைப்பவர் கையில் உள்ள அறிவு எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள்.

எக்மோ

2016 டிசம்பர் மாதம் சென்னையில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு இதயம் நின்றபோது எக்மோ பொருத்தினார்கள். அப்போதுதான் தமிழ் மக்கள் பலரும் அந்தச் சொல்லைக் கேட்டார்கள். 2020 இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் கொரோனாவால் நுரையீரல் கெட்டுச் சிகிச்சை பெற்றபோதும் அதே சொல் செய்தியில் வந்தது. இருவரையும் காப்பாற்ற முடியவில்லை. அதனால் எக்மோ என்றாலே முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எக்மோவில் இருந்து பிழைத்து வந்தவர்களும் பலர் உண்டு.

எக்மோ உடலுக்கு வெளியே இருக்கும் இயந்திரம். சிரையிலிருந்து இரத்தத்தை எடுக்கும். அதில் பிராணவாயுவை ஏற்றும். கரியமில வாயுவை நீக்கும். மீண்டும் உடலுக்குள் அனுப்பும். இதயத்துக்கு உதவ வேண்டுமானால் தமனியில் அனுப்பும். நுரையீரலுக்கு மட்டும் உதவ வேண்டுமானால் சிரையிலேயே அனுப்பும்.

பம்பு வைத்தால் உயிர் தங்குமா?

இந்தக் கேள்விக்கு டாக்டர்கள் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பால் இரத்த அழுத்தம் விழுந்த நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பம்பு வைத்தார்கள். மற்றப் பிரிவுக்குப் பம்பை வழக்கமாக வைக்காமல் மற்றச் சிகிச்சைகளைக் கொடுத்தார்கள்.

பலூன் பம்பு: ஜெர்மனியில் சுமார் 600 பேரிடம் ஆராய்ந்து 2012 இல் முடிவு சொன்னார்கள். ஒரு மாதத்தில் பலூன் வைத்தவர்களில் 100 க்கு 40 பேர் இறந்தார்கள். வைக்காதவர்களில் 100 க்கு 41 பேர். பெரிய வேறுபாடு இல்லை.

எக்மோ: 2023 இல் ஜெர்மானிய டாக்டர்கள் முடிவு வெளியிட்டார்கள். ஒரு மாதத்தில் எக்மோ வைத்தவர்களில் 100 க்கு 48 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் 100 க்கு 49 பேர். இங்கும் வேறுபாடு இல்லை.

இம்பெல்லா: 2024 இல் டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் நாட்டு டாக்டர்கள் முடிவு வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் பம்பு வைத்தவர்களில் 100 க்கு 46 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் 100 க்கு 59 பேர். இங்கே பயன் தெரிந்தது. ஆனால் இரத்தக் கசிவு, காலுக்கு இரத்தம் போகாமை போன்ற தொல்லைகள் பம்பு வைத்தவர்களில் 100 க்கு 24 பேருக்கு வந்தன. மற்றவர்களில் 100 க்கு 6 பேருக்குத்தான் வந்தன. இந்த ஆய்வில், இதயம் நின்று நினைவு திரும்பாதவர்களைச் சேர்க்கவில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இயந்திரம் பெரிது என்பதால் பலனும் பெரிது என்று இல்லை. சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் வைத்தால்தான் பயன். டாக்டர் "வேண்டாம்" என்று சொன்னால், நம் ஆளைக் கைவிட்டார் என்று நினைக்கக் கூடாது. "வேண்டும்" என்று சொன்னால், கட்டாயம் பிழைப்பார் என்று நினைக்கவும் கூடாது.

திருவனந்தபுரத்திலிருந்து பறந்த இதயம்

பம்பு சில நாள் தாங்கும். அதற்குள் இதயம் தேறாவிட்டால்? சிலருக்கு மாற்று இதயம்தான் வழி. அது எங்கிருந்து வரும்? இன்னொரு மனிதரிடமிருந்துதான் வர வேண்டும்.

இந்தியாவில் 1994 இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 ஆம் நாள் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பி. வேணுகோபால் குழுவினர் இதய மாற்று அறுவையை வெற்றிகரமாகச் செய்தார்கள். கேரளத்தில் 2012 இல் மிருதசஞ்சீவனி என்ற உறுப்பு தானத் திட்டம் தொடங்கியது.

2015 ஜூலை 24 ஆம் நாள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் மூளைச் சாவு அடைந்த ஒருவரின் குடும்பத்தார் உறுப்பு தானத்துக்கு இசைந்தார்கள். கொச்சி லிசி மருத்துவமனையில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் மாற்று இதயத்துக்காகக் காத்திருந்தார். வெளியே எடுத்த இதயத்தைச் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும். கொச்சிக்குச் சாலை வழி 200 கிலோமீட்டருக்கு மேல். என்ன செய்வது? கடற்படை தன் டார்னியர் விமானத்தைக் கொடுத்தது. போலீசார் சாலையில் வழி ஒதுக்கினார்கள். இதயம் பறந்து போனது. டாக்டர் ஜோஸ் சாக்கோ பெரியப்புரம் குழுவினர் அதைப் பொருத்தினார்கள்.

ஒரு குடும்பம் தன் துக்கத்தின் நடுவில் "சரி" என்று சொன்னது. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் விமானத்தாலும் பயன் இல்லை. 2024 ஜூலையில் ஸ்ரீசித்திராவிலேயே முதன்முறையாக இதய மாற்று அறுவை நடந்தது.

நம் ஊரில் செய்த வால்வு

கருவி வெளிநாட்டிலிருந்து வந்தால் விலை அதிகம். இம்பெல்லா போன்ற பம்புக்குப் பல லட்சம் ரூபாய் ஆகிறது. நாமே செய்ய முடியாதா?

முடியும் என்பதற்குத் திருவனந்தபுரமே சாட்சி. இதயத்தில் இரத்தம் ஒரே திசையில் போகக் கதவு போன்ற வால்வுகள் உண்டு. சிறு வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் அந்த வால்வுகளைக் கெடுத்துவிடும். அப்போது செயற்கை வால்வு வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழைகளால் வாங்க முடியவில்லை.

ஸ்ரீசித்திரா நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் ஒரு குழு வால்வு செய்யத் தொடங்கியது. பூஜப்புரையில் அரச குடும்பத்தார் கொடுத்த அரண்மனையில் அந்த ஆய்வு நடந்தது. முதல் மாதிரி தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவது மாதிரியில் நீலமணிக் கல்லால் தட்டுச் செய்தார்கள். ஆட்டுக்குப் பொருத்திப் பார்த்தபோது அந்தத் தட்டு உடைந்துவிட்டது. அவர்கள் விட்டுவிடவில்லை. நான்காவது மாதிரியில் உறுதியான பிளாஸ்டிக் தட்டை வைத்தார்கள். அது நிலைத்தது. 1990 டிசம்பர் 6 ஆம் நாள் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. சித்திரா வால்வு என்ற பெயரில் இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. டாக்டர் வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். அவர் தந்த கதவுகள் பலர் நெஞ்சில் இன்றும் திறந்து மூடுகின்றன.

வால்வைப் போலப் பம்பும் ஒரு நாள் ஏழைகளுக்கு எட்டும் விலையில் கிடைக்க வேண்டும்.

மையத்தில் கேட்ட கேள்விகள்

இந்தப் பாடத்தைத் தொடர்கல்வி மையத்தில் படித்துக் காட்டியபோது பலர் கேள்வி கேட்டார்கள்.

"ஏன் மக்களே, மெஷின் போட்டா அப்புறம் கழற்றவே மாட்டாங்களாமே? பில்லு மட்டும் ஏறுமாமே?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

இந்தப் பயம் பலருக்கும் உண்டு. இதற்கு மருந்து, கேள்வி கேட்பதுதான். கையெழுத்துப் போடும் முன் படிவத்தைப் படியுங்கள். புரியாத சொல்லுக்கு விளக்கம் கேளுங்கள். கீழே உள்ள கேள்விகளையும் கேளுங்கள்.

- பம்பு எதற்காக? இதயம் தேறவா, அறுவைக்காகவா, மாற்று இதயத்துக்காகவா?
- எத்தனை நாள் வைக்க நினைக்கிறீர்கள்?
- தேறுகிறார் என்பதை எதைப் பார்த்து அறிவீர்கள்?
- என்ன ஆபத்து வரலாம்?
- தேறாவிட்டால் எப்போது நிறுத்துவீர்கள்? அப்போது எங்களிடம் பேசுவீர்களா?
- செலவு எவ்வளவு? காப்பீட்டு அட்டையில் இது சேருமா?

"அப்படி எல்லாம் கேட்டா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று ஓர் அண்ணாச்சி கேட்டார்.

நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். கேட்பது நம் உரிமை. ஆனால் பத்துப் பேர் பத்து முறை கேட்டால் அவருக்கு வேலை ஓடாது. குடும்பத்தில் ஒருவர் பேசட்டும். சொன்னதை அவர் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். எழுதத் தெரிந்ததன் பயன் இது.

"மூளைச் சாவுன்னு பொய் சொல்லி உறுப்பை எடுத்தா?" என்று ஓர் அக்கா கேட்டார்.

சட்டப்படி ஒரு டாக்டர் மட்டும் அதைச் சொல்ல முடியாது. நான்கு டாக்டர்கள் சேர்ந்து சோதிக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். குடும்பத்தார் எழுத்தில் இசைவு தர வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்தச் சோதனைத் தாள்களைக் காட்டும்படி கேட்கலாம்.

பம்பு வரை போகாமல் இருக்க

பம்பு தேவைப்படும் நிலை வராமல் பார்ப்பதே நல்லது. அதற்கு இலட்சங்கள் வேண்டாம்.

நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால் வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108 ஐ அழையுங்கள். போகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையில் ஒரு பங்கு போகிறது.

இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சுகாதார நிலையத்தில் பார்த்துக் கொள்ளுங்கள். மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள். கருவாடு, அப்பளம், ஊறுகாயில் உப்பு அதிகம். பிள்ளைகளுக்குத் தொண்டை வலியும் மூட்டு வீக்கமும் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கால் வீக்கமும் மூச்சு வாங்குவதும் வந்தால் வயதின் மேல் பழி போடாதீர்கள்.

சொற்களை அறிவோம்

இதயச் செயலிழப்பு - இதயம் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள முடியாத நிலை
மகாதமனி - இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய்
சிரை - இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டு வரும் குழாய்
இசைவு - சம்மதம்

கணக்குப் போடுவோம்

1. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் ஒரு நாளில் எத்தனை முறை துடிக்கும்? (விடை: 1,03,680)
2. நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளினால் ஒரு நாளில் எத்தனை லிட்டர்? (விடை: 7,200)
3. இம்பெல்லா ஆய்வில் பம்பு வைத்ததால் 100 பேரில் எத்தனை பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள்? (விடை: 13)

விடை எழுதுவோம்

1. பம்பைக் கைத்தாங்கல் என்று ஏன் சொல்கிறோம்?
2. பலூன் பம்புக்கும் இம்பெல்லாவுக்கும் என்ன வேறுபாடு?
3. சித்திரா வால்வு எத்தனையாவது மாதிரியில் வெற்றி பெற்றது?

பேசிப் பார்ப்போம்

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், டாக்டரிடம் யார் பேசுவார்? என்ன கேட்பார்? உறுப்பு தானம் பற்றி உங்கள் வீட்டில் பேசியது உண்டா? நல்ல நாளில் பேசி வைத்தால் கெட்ட நாளில் முடிவு செய்வது எளிது. இன்று இரவு சாப்பிடும்போது பேசிப் பாருங்கள். பேசியதை நான்கு வரியில் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.